கல்லூரியில் முதல் பருவம்: ஒப்படைப்பு, கணினி, மதிப்பெண் பற்றி இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கரையோர ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து, முதல் நாள் கல்லூரி வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள் அவர்கள்தான். பள்ளியில் ஒன்றை நாலு தடவை சொல்லுவார்கள், செய்யாவிட்டால் கூப்பிட்டுக் கேட்பார்கள். கல்லூரியில் ஒரு விதியை ஒரே ஒரு முறை சொல்லுவார்கள், அல்லது அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு நீங்கள் வராமல் இருந்தாலும் அந்த விதி உங்களுக்கும் பொருந்தும்.

இது எனக்கே நடந்ததுதான். இரண்டாம் பருவத்தில் ஒரு பாடத் தாளுக்கான ஒப்படைப்பை (அசைன்மென்ட்டை) எழுதி முடித்து, ஊரிலிருந்து வர முடியாத ஒரு நாளில் நண்பனிடம் கொடுத்தனுப்பினேன். அவன் துறை மேசையில் வைத்துவிட்டு வந்தான். யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை. என்னிடம் நகலும் இல்லை. பருவ முடிவில் என் அகமதிப்பெண், அதாவது கல்லூரியிலேயே ஆசிரியர் போடும் மதிப்பெண், 25-க்கு 9. எழுத்துத் தேர்வில் 75-க்கு 30 எடுத்தேன். கூட்டினால் 39. தேர்ச்சிக்கு 40 வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்காக அந்தத் தாளை மறுபடியும் எழுதினேன். பாடம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒப்படைப்பை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பின்னாளில் ஆசிரியராகி விடைத்தாள் திருத்தத் தொடங்கியபோது, என்னைப் போல இழந்தவர்கள் எத்தனை பேர் என்று கண்ணால் பார்த்தேன். அவர்கள் போன வழியில் நீங்கள் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் வாங்க வேண்டிய மூன்று தாள்கள்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் காரைக்குடியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிகள். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணன் பொறியியல் படித்த அனுபவத்தில் சொல்லும் கணக்கு, பி.ஏ. படிக்கும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். சொந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாடத்திட்டம். உங்கள் படிப்புக்கு உரிய, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய பாடத்திட்டம். சீனியரிடம் வாங்கும் பழைய பாடத்திட்டத்தில் தாளின் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே ஓர் அலகு மாறியிருக்கும். பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து பதிவிறக்கி, உங்கள் பருவத்துக்கான பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு பாடத் தாளுக்கும் ஒரு குறியீடு இருக்கும். அதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒப்படைப்பு, தேர்வு விண்ணப்பம், விடைத்தாள் எல்லாவற்றிலும் அந்தக் குறியீடுதான் உங்கள் தாளின் அடையாளம்.

இரண்டாவது, அகமதிப்பீட்டுப் பிரிப்பு. அந்த 25 மதிப்பெண்ணில் உள்தேர்வுக்கு எவ்வளவு, ஒப்படைப்புக்கு எவ்வளவு, கருத்தரங்கப் பேச்சுக்கு எவ்வளவு என்ற கணக்கு. இதைப் பாட ஆசிரியரிடமே கேளுங்கள். "ஐயா, ஒப்படைப்புக்கு எத்தனை மதிப்பெண், எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தாமதமானால் குறைப்பீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்கும் மாணவரைப் பார்த்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

மூன்றாவது, கல்வி நாட்காட்டி. உள்தேர்வுத் தேதிகளும் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளும் அதில் இருக்கும். இதில் நம் கரைக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இரட்டைப்படைப் பருவத் (2, 4, 6-ஆம் பருவங்கள்) தேர்வும் அடுத்த ஆண்டுக் கல்விக் கட்டணமும் அதை ஒட்டித்தான் வரும். விசைப்படகுத் தொழிலை நம்பிய வீட்டில் கையில் காசு இல்லாத மாதங்கள் அவை. அதனால் நாட்காட்டி கைக்கு வந்ததும் கட்டணத் தேதிகளை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டிவிடுங்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். சேர்ந்த மாதமே பதிந்துவிடுங்கள்.

25-உம் 75-உம்

கலை, அறிவியல் படிப்புகளில் எழுத்துத் தாள் ஒன்றுக்கு 100 மதிப்பெண். 25 அகமதிப்பீடு, 75 பருவத் தேர்வு. இளநிலையில் தேர்ச்சி பெற மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு இன்னொரு நிபந்தனையும் வழக்கமாக உண்டு: பருவத் தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 எடுத்திருக்க வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகள் இடறி விழும் இடம் இதுதான்.

ஒரு மாணவிக்கு அகத்தில் 22, தேர்வில் 28 என்று வையுங்கள். மொத்தம் 50. அவள் தேறிவிட்டோம் என்றுதான் நினைப்பாள். ஆனால் 28 என்பது 30-க்குக் கீழே, ஆகவே அரியர்; அந்தத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். இன்னொரு மாணவனுக்கு அகத்தில் 12, தேர்வில் 30. மொத்தம் 42; தேர்ச்சி. மூன்றாவது ஆள் நான்: அகத்தில் 9, தேர்வில் 30. தேர்வுக்கான எல்லையைத் தொட்டும் மொத்தத்தில் தவறிவிட்டேன். எனவே அகத்தில் 10-க்குக் கீழே விழுந்தால் தேர்வு எல்லை உங்களுக்கு மட்டும் உயர்ந்துவிடும்.

அரியர் எழுதும்போது மாறுவது பருவத் தேர்வின் மதிப்பெண்தான். அகமதிப்பெண் வழக்கமாகப் பழையதே தொடரும். மறுமுறை எழுதியபோது என் 9 அப்படியே நின்றது, அதனால் எனக்கு 31 தேவைப்பட்டது. அந்தப் பருவத்தின் நான்கு மாதத்தில் கைவிட்டதை அதன்பிறகு எடுக்க வழியில்லை என்பதை மனத்தில் வையுங்கள். தேர்வன்று காய்ச்சல் வரலாம், கேள்வித்தாள் கடினமாக இருக்கலாம். அவை நம் கையில் இல்லை. 25 மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது.

பருவ முடிவில் உள்தேர்வு, ஒப்படைப்பு மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கு முன் மாணவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது நல்ல துறைகளின் வழக்கம். அந்தத் தாள் உங்கள் முன் வரும்போது, வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும், உங்கள் வரியை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு முறை ஒரு மாணவியின் 18-க்குப் பதிலாக, மேல் வரியில் இருந்தவளின் 8 பதிந்திருந்தது. அவள் நின்று பார்த்ததால் அந்த இடத்திலேயே திருத்தினோம். அனுப்பிய பிறகு என்றால் பல மேசைகள் ஏறி இறங்க வேண்டியிருந்திருக்கும்.

கிரெடிட் என்ற சொல்லையும் முதல் பருவத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். எல்லாத் தாளுக்கும் ஒரே எடை கிடையாது. ஒரு முதன்மைத் தாளுக்கு 5 கிரெடிட், ஒரு சிறு தாளுக்கு 2 கிரெடிட் என்று இருந்தால், முதன்மைத் தாளில் 50-உம் சிறு தாளில் 80-உம் எடுத்தவரின் சராசரி இப்படி வரும்: 5 x 50 = 250, 2 x 80 = 160, கூட்டல் 410, அதை 7-ஆல் வகுத்தால் 58.57. அதே மதிப்பெண்களை இடம் மாற்றி எடுத்தவருக்கு 400-உம் 100-உம் சேர்ந்து 500, வகுத்தால் 71.43. ஒருவர் முதல் வகுப்பைத் தவறவிடுகிறார், மற்றவர் தாண்டிப் போகிறார். இருவரும் எடுத்தது அதே 50-உம் 80-உம்தான். பத்துப் புள்ளி அளவில் சொல்லும்போது இவை ஏறத்தாழ 5.86, 7.14 என்று ஆகும். எனவே படிக்கும் நேரத்தை கிரெடிட் பார்த்துப் பங்கிடுங்கள். எளிதாக இருக்கிறது என்பதற்காகச் சிறு தாளிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, முதன்மைத் தாளைக் கடைசி இரவுக்கு வைப்பவர்கள் அதிகம்.

ஒப்படைப்பு எழுதுவது

அசைன்மென்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒப்படைப்பில்தான் நான் அதிக வருத்தப்பட்டிருக்கிறேன். ஐம்பது தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், முப்பதில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழையோடு வரும். முதலில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

வடிவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் எழுதுவது, இடப்பக்கம் ஓரம் விடுவது. முகப்பில் பெயர், பதிவெண், வகுப்பு, தாளின் பெயர், குறியீடு, தலைப்பு, ஒப்படைக்கும் நாள். கையால் எழுதச் சொன்னால் கையால், தட்டச்சு செய்யச் சொன்னால் தட்டச்சு. எத்தனை பக்கம் என்று சொன்னால் அத்தனை பக்கம். கூடுதலாக எழுதினால் கூடுதல் மதிப்பெண் என்பது தவறான நம்பிக்கை. வண்ணக் காகிதம், பூ வேலைப்பாடு எல்லாம் வேண்டாம்.

உள்ளே என்ன எழுதுவது என்பதுதான் பெரிய கேள்வி. ஓர் உதாரணம். மன்னார் வளைகுடாவின் தீவுகளைப் பற்றி ஒப்படைப்பு என்று வையுங்கள். பாட நூலில் இப்படி ஒரு வரி இருக்கும்: "மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் அமைந்துள்ளன, அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் காணப்படுகின்றன." இதை "மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உள்ளன, அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகள் இருக்கின்றன" என்று மாற்றி எழுதுவதைச் சொந்த நடை என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு சொல்லை மாற்றியதால் அது உங்களுடையது ஆகிவிடாது.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்று. நூலை ஒரு முறை படியுங்கள். மூடி வையுங்கள். பக்கத்தில் தம்பியோ தங்கையோ இருந்தால் படித்ததை வாய்விட்டு அவர்களிடம் சொல்லுங்கள். சொன்னதை எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபாருங்கள். எங்கே படித்தீர்கள் என்பதை அந்த இடத்திலேயே குறியுங்கள். நூலாசிரியரின் சொல்லே முக்கியம் என்றால், மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, பக்க எண்ணும் தாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் பெயர், நூல் தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு என்ற வரிசையில் பட்டியல் இடுங்கள். இணையத்தில் எடுத்தது என்றால் எந்தத் தளம், எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும்.

நம் பிள்ளைகளிடம் நூலகத்தில் கிடைக்காத ஒரு சொத்து இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மண்டபம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி கடல்பாசி பற்றி எழுதித் தந்தாள். முதல் இரண்டு பக்கம் இணையத்தில் எடுத்தது, படித்ததும் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுத்து மாறியது. அம்மா அதிகாலையில் கிளம்பும்போது பாறையும் பாரும் (கடலடிப் பாறைத்திட்டும்) விரலைக் கிழிக்காமல் இருக்கப் பழைய சேலைத் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொள்வதையும், கண்ணில் போடும் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க என்ன செய்வார் என்பதையும், இடுப்பில் கட்டிய பையில் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் தனித்தனியாகப் போட்டுக்கொள்வதையும் எழுதியிருந்தாள். ஈரத் துணியை அவிழ்த்த பிறகு அம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி இருக்கும் என்று ஒரு வரி. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டு, முதல் இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு இதையே விரித்து எழுதச் சொன்னேன். "அதெல்லாம் வீட்டு விஷயம்தானே ஐயா, அதை எழுதலாமா?" என்று கேட்டாள்.

எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அதற்கும் முறை உண்டு. யாரிடம் கேட்டீர்கள், எந்த ஊரில், எந்த நாளில் என்று குறித்து, "நேர்காணல்" என்று பட்டியலில் சேருங்கள். அவர் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் "பாசி எடுக்கும் பெண், மண்டபம்" என்று எழுதினால் போதும். வரலாறு படிப்பவர்களுக்கு வைகை கடலில் சேரும் பகுதியை ஒட்டி அழகன்குளம் இருக்கிறது. அங்கே தொல்லியல் துறை அகழ்ந்து ரோமானிய நாணயங்களை எடுத்திருக்கிறது. பொருளியல் படிப்பவர்களுக்குக் கருவாட்டுத் தளமும் ஏலக் கூடமும் பனைவெல்லமும் இருக்கின்றன. நேரில் பார்த்த ஒரு பத்தி, எடுத்து ஒட்டிய ஐந்து பக்கத்தைவிட மேல். திருத்துகிறவனாக இதைச் சொல்கிறேன்.

எழுத்துத் திருட்டுக்கு என்ன தண்டனை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை முதுகலை, ஆராய்ச்சிப் பட்ட ஆய்வேடுகளுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் உரியது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60-க்கு மேல் என்றால் பதிவே ரத்து. வகுப்பு ஒப்படைப்புகளை அந்த ஒழுங்குமுறை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. அதற்காக இளநிலையில் விருப்பம்போல் எடுத்து எழுதலாம் என்று பொருள் இல்லை. அங்கே ஆசிரியரும் துறையும் வைத்ததுதான் விதி. பூஜ்யம் போட அவர்களுக்கு உரிமை உண்டு.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். உங்கள் ஆசிரியர் அனுமதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அனுமதித்தால் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒப்படைப்பிலேயே எழுதிவிடுங்கள். புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கச் சொல்லிக் கேட்பது ஒன்று. முழு ஒப்படைப்பையும் எழுதி வாங்குவது வேறு. அந்தக் கருவி இல்லாத நூலுக்கும் இல்லாத பக்க எண்ணுக்கும் தயங்காமல் மேற்கோள் காட்டிவிடும். அப்படி வந்த ஒரு நூல் பட்டியலை வைத்துக்கொண்டு நூலகத்தில் அரை நாள் தேடிய மாணவனை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நூலும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு நூலே இல்லை.

மொழி பற்றி ஒரு சொல். ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்துவிட்டுத் தவிக்கும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக இது. ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் மாணவர் தாய்மொழியில் தேர்வு எழுத அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் தாளுக்கு அந்த அனுமதி உண்டா என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் கேளுங்கள். தேர்வறையில் போய் முடிவெடுக்கும் விஷயம் அல்ல இது.

ஒப்படைக்கும் நாளில் மூன்று வேலை. முடித்த தாள்களை ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆசிரியர் கையிலேயே கொடுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். பதிவேடு இல்லையென்றால் உங்கள் நோட்டில் தேதி எழுதி ஆசிரியரின் சுருக்கொப்பம் கேளுங்கள். வர முடியாத நிலை என்றால், கடைசி நாளுக்கு முன்பே ஆசிரியருக்குச் செய்தி அனுப்பிக் கூடுதல் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வரிச் செய்தியை நான் அன்று அனுப்பியிருந்தால் போதும்.

கணினி

வீட்டில் கணினி இல்லாதது இங்கே புதிதல்ல. கல்லூரிக் கணினி ஆய்வகம், நூலகத்தின் இணையப் பகுதி, மாவட்ட மைய நூலகம், பஸ் நிலையம் பக்கத்துப் பிரவுசிங் சென்டர், கையில் இருக்கும் கைப்பேசி, இவற்றை வைத்துச் சமாளிக்கலாம். ஆய்வகம் உங்கள் வகுப்புக்கு எந்த நேரம் திறந்திருக்கும் என்பதையும், பாட வேளைக்கு வெளியே உட்கார அனுமதி உண்டா என்பதையும் ஆய்வக உதவியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பிள்ளைகளுக்கு மாலை நேரம் உதவாது. மதிய இடைவேளையில் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும், அதன் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கையின்போது கடைக்காரர் அவர் கைப்பேசி எண்ணைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்த மின்னஞ்சலை இன்னும் வைத்திருந்தால், இன்றே புதிதாக ஒன்று தொடங்குங்கள். தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை, அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. உங்கள் கைக்கே வர வேண்டும்.

ஆய்வகக் கணினியில் வேலை செய்ததை அந்தக் கணினியிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த வாரம் அது துடைக்கப்பட்டிருக்கலாம், வேறொருவர் எடுத்தும் இருக்கலாம். பென் டிரைவில் ஒன்று, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பியது ஒன்று என இரண்டு நகல் வையுங்கள். கடைகளில் செருகிய பென் டிரைவில் வைரஸ் ஏறுவது சாதாரணம். மின்னஞ்சல் நகல் அப்போது காப்பாற்றும். எழுந்து வருவதற்கு முன் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிட்டு வாருங்கள். ஒரு கணினியை அடுத்தவர் பெயரில் திறந்து வேலை செய்வதும், உங்கள் பெயரில் அடுத்தவரை உட்கார வைப்பதும் வேண்டாம். அதில் நடக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் பெயருக்கு உரியவர்தான்.

தமிழில் தட்டச்சு செய்வோர் கவனிக்க வேண்டியது எழுத்துரு. ஊரில் டி.டி.பி. கடைகளில் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் பல இடங்களில் அடிக்கிறார்கள். அச்சில் அழகாக வரும். அதே கோப்பை ஆசிரியருக்கு அனுப்பினால், அவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். எத்தனையோ கோப்புகளை நான் திறக்க முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எந்தக் கணினியிலும் தெரியும் யுனிகோடில்தான் வேண்டும் என்று கடையில் சொல்லிக் கேளுங்கள். அனுப்பும்போது பி.டி.எஃப். ஆகவும் மாற்றி அனுப்புங்கள்.

நீங்களே அடிக்கக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை எளிமையானது: உயிர் எழுத்துகள் இடக் கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக் கைக்கு. "கடல்" என்று அடிக்க நாலே தட்டல்: ஹெச் தட்டினால் க, ஓ தட்டினால் ட, என் தட்டினால் ல, எஃப் தட்டினால் புள்ளி. "பக்கம்" என்பதில் க-வை இரண்டு தடவை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். நாளுக்கு அரை மணி நேரம் தட்டிப் பழகினால் சில வாரங்களில் கை ஓடும். அதுவரை கைப்பேசியில் குரல் வழியே எழுதி, மின்னஞ்சலில் அனுப்பி, ஆய்வகத்தில் திருத்திக்கொள்ளலாம். குரலில் எழுதியதை ஒற்று மிகும் இடம், ல-ள-ழ, ர-ற எல்லாம் பார்த்துத் திருத்தாமல் தந்துவிடாதீர்கள்.

நூல்களுக்குக் காசு செலவழிக்கும் முன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் தேசிய மின்னூலகத்தையும் பாருங்கள், இரண்டும் இலவசம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இருக்கின்றன. நம் மாவட்டத்து மீனவர், பனைத்தொழில், சேதுபதிகள் பற்றிய ஆய்வேடுகளை அங்கே தேடிப் பாருங்கள்.

வருகையும் மழையும்

தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். பருவத்தில் 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். 22 நாள்தான் கையிருப்பு. அப்பாவோடு கடலுக்குப் போகும் பையன்கள் இந்த 22-ஐ முதல் இரண்டு மாதத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள். நவம்பரில் உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு நாளும் மிச்சம் இருக்காது. சற்றுக் குறைந்தால் மருத்துவச் சான்றும் அபராதக் கட்டணமும் கட்டி அனுமதி பெறலாம். மிகக் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வையே எழுத முடியாது.

ஒற்றைப்படைப் பருவத் தேர்வு வரும் நவம்பர்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றதும் கல்லூரி இருக்காது என்று முடிவு செய்யாதீர்கள். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைக் கடைசி வரை படியுங்கள். "பள்ளிகளுக்கு மட்டும்" என்று இருந்தால் கல்லூரி உண்டு. பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிவைப்பதைப் பல்கலைக்கழகம்தான் அறிவிக்கும். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் தாளில் இந்த ஆண்டின் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

முடிவு வந்த பிறகு

எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் அழுதுகொண்டு உட்காராமல் அன்றே அறிவிப்பைப் படியுங்கள். மறுகூட்டல், விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே தருவார்கள். மறுகூட்டல் என்றால் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பது மட்டுமே. மறுமதிப்பீடு என்றால் வேறொருவர் மறுபடியும் திருத்துவது. இரண்டுக்கும் கட்டணம் வேறு. முதலில் நகல் வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னால் மறுமதிப்பீட்டுக்குப் போவதே காசு வீணாகாத வழி. திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தேர்வெழுதியவரின் உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

அகமதிப்பெண்ணில் அநியாயம் நடந்ததாக நினைத்தால் வரிசை இது: முதலில் பாட ஆசிரியர், பிறகு துறைத் தலைவர், பிறகு கல்லூரி முதல்வர். ஒவ்வொரு படியிலும் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். ஒப்படைத்த நாளில் எடுத்த படங்களும் வாங்கிய சுருக்கொப்பமும் இங்கேதான் உதவும். அதற்கும் தீராவிட்டால், மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் கோபத்தைக் கொட்டாமல் தாளின் குறியீடு, பதிவெண், ஒப்படைத்த தேதி, கிடைத்த மதிப்பெண், நீங்கள் கேட்பது என்ன என்பதை மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்த ஏதேனும் ஓர் ஆசிரியரிடம் போய் உட்காருங்கள். மனு எழுதிக்கொடுத்ததற்காக எந்த ஆசிரியரும் உங்களிடம் கோபித்துக்கொள்ள மாட்டார்.